பிடி விட்ட உயிரணு ஊர் சுற்றினால்...?

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தில் பொன்முடி பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். நெடுமங்காடு, விதுரா, கல்லாறு என்று ஒவ்வோர் ஊராகப் பின்னுக்குப் போகும். கல்லாற்றைத் தாண்டியதும் மலை ஏற்றம். 22 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 60 கிலோ மீட்டர் பயணம் முடியும்போது, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் வந்து சேர்ந்திருப்பீர்கள். மூடுபனியும் தேயிலைப் பச்சையும் தோட்டத்து லயங்களும் கண்ணில் படும்.

இந்தத் தடத்தில் இரண்டு வகைப் பயணிகள் உண்டு.

ஒருவர், புத்தகப் பையுடன் விதுராவில் இறங்கும் மாணவர். மத்திய அரசு 2008-ம் ஆண்டு திருவனந்தபுரத்தில் தொடங்கிய இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையம் இப்போது பொன்முடி அடிவாரத்தில், விதுரா அருகே இயங்குகிறது. உயிரியல் படிக்கும் மாணவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

மற்றவர், இடுப்பில் சுருக்குப் பையுடன் மலைக்குப் போகும் தோட்டத் தொழிலாளி. கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தவர்களின் வாரிசு.

அந்தச் சுருக்குப் பைக்குள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. மாணவரின் புத்தகத்துக்குள், உயிரணுக்கள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, அந்தப் பிடி விட்டுப்போனால் என்ன ஆகும் என்ற பாடம்.

இருவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகலாம். ஆனால் அந்தப் புத்தகத்தில் இருப்பது தன் வாயைப் பற்றிய சேதி என்று சுருக்குப் பைக்காரருக்கு யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கொல்வது கட்டி மட்டுமா?

புற்றுநோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது கட்டி. "கட்டி வளர்ந்தது, ஆளைக் கொன்றுவிட்டது" என்றுதான் பேசிக்கொள்கிறோம்.

உண்மை வேறு. கட்டி பிறந்த இடத்திலேயே சும்மா இருந்தால், பெரும்பாலான நேரங்களில் டாக்டர் அதைக் கத்தியால் எடுத்துவிடலாம். கதிர் கொடுத்துச் சுட்டுவிடலாம். புற்றுநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் இறப்பது, அந்த நோய் பிறந்த இடத்தை விட்டுப் புறப்பட்டு, கழுத்து, நுரையீரல், ஈரல், எலும்பு என்று வேறு இடங்களில் போய்க் குடியேறிவிடுவதால்தான்.

நாமெல்லாம் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். போன இடத்தில் உழைத்து நாலு பேருக்கு உபயோகமாக இருக்கிறோம். ஆனால் உடம்பிலுள்ள உயிரணு தன் இடத்தை விட்டுப் பெயர்ந்தால் அது உடம்புக்கே எமனாகிவிடுகிறது.

அப்படியானால் உயிரணுவை அதன் இடத்தில் கட்டிப் போட்டிருப்பது எது? அந்தக் கட்டு எப்படி அவிழ்கிறது?

லயமும் பொதுச் சுவரும்

மனித உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி உயிரணுக்கள் இருப்பதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். வாயின் உட்புறத் தோலில் இருக்கும் உயிரணுக்களைத் தோட்டத்து லயங்களுக்கு ஒப்பிடலாம். லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுச் சுவர். எல்லா வீடுகளுக்கும் கீழே ஒரே அஸ்திவாரம். தனியாக ஒரு வீட்டை மட்டும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

உயிரணுக்களுக்கும் அப்படித்தான். பக்கத்து அணுவைப் பிடித்துக்கொள்ள ஒரு பிடி. கீழே இருக்கும் அடித்தளச் சவ்வைப் பிடித்துக்கொள்ள இன்னொரு பிடி. இரண்டு பிடிகளும் புரதத்தால் ஆனவை.

இது தெரிய வந்ததே ஒரு சுவையான கதை.

1907-ம் ஆண்டு எச்.வி.வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, கடலில் வாழும் கடற்பஞ்சு என்ற உயிரினத்தை மெல்லிய பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்தார். அது தனித்தனி அணுக்களாக உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த அணுக்கள் ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டிக்கொண்டன. மறுபடியும் கடற்பஞ்சாகவே வளர்ந்தன!

அணுக்களுக்குத் தங்கள் ஆட்களை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் சக்தி இருக்கிறது என்பது அன்றே புரிந்தது. ஆனால் அந்தப் பிடி என்ன பொருள் என்று தெரியவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் கியோட்டோ நகரைச் சேர்ந்த மசதோஷி தாகெய்ச்சி. ஜப்பானில் அவர் அணுக்களைப் பிரித்துவிட்டால் அவை மறுபடி ஒட்டிக்கொண்டன. அதே வேலையை அமெரிக்காவுக்குப் போய்ச் செய்தபோது அணுக்கள் ஒட்ட மறுத்தன. வேறு ஒருவராக இருந்தால் அலுத்துப்போய் விட்டிருப்பார். தாகெய்ச்சி விடவில்லை. அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் அணுக்களைப் பிரிக்க வைத்திருந்த திரவத்தில், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு ரசாயனம் கலந்திருந்தது. கால்சியம் இல்லாததால் அணுக்களின் பிடிப் புரதம் சிதைந்துவிட்டது என்பதைக் கண்டுகொண்டார்.

1977-ல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. 1984-ல் அந்தப் புரதத்துக்குக் 'கேட்ஹெரின்' என்று பெயர் வைத்தார்கள். கால்சியத்தின் துணையால் ஒட்டுவது என்ற பொருளில் வந்த பெயர். வாய், வயிறு, மார்பகம், குடல் ஆகியவற்றின் உட்புற அணுக்களைப் பிடித்து நிறுத்துவது இந்தக் குடும்பத்தில் ஒன்றான 'ஈ-கேட்ஹெரின்'.

"சுண்ணாம்பிலும் கால்சியம்தானே இருக்கிறது, வெற்றிலை போட்டால் நல்லதாயிற்றே!" என்று யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள். பிடிப் புரதத்துக்கு வேண்டிய கால்சியம் ரத்தத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது. சுண்ணாம்பின் காரம் வாயின் உட்தோலைப் புண்ணாக்குமே தவிர, அணுக்களை ஒட்டி வைக்காது.

ஈ-கேட்ஹெரின் என்பது அணுவின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கை என்றால், உள்ளே அந்தக் கையை எலும்புக்கூட்டோடு இணைக்கும் தோள்பட்டையும் உண்டு. அதற்குக் 'கேட்டினின்' என்று பெயர். கை நன்றாக இருந்து தோள்பட்டை கழன்றாலும் பிடி போயிற்று.

'பிடி' என்பது 'பிரி' ஆனால்...

புரதம் எப்படிக் கெட்டுப்போகிறது?

ஒவ்வொரு புரதத்தையும் எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு, அணுவுக்குள் டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட பெரிய ஏடு அது. ஒரு புரதத்துக்கு உரிய பகுதியைத்தான் ஜீன் என்கிறார்கள். ஆபீசில் டைப் அடிக்கும்போது கை தவறுவது போல், ஏட்டைப் பிரதி எடுக்கும்போது எழுத்து மாறிவிடுவது உண்டு. புகையிலை போன்றவற்றின் நஞ்சு அந்தத் தவறுகளைப் பெருக்குகிறது.

தமிழில் 'பிடி' என்று எழுதும்போது இரண்டாம் எழுத்து மாறினால் 'பிரி' ஆகிவிடுகிறது. ஒரே எழுத்துதான். ஆனால் பொருள் நேர் எதிர்!

இது வெறும் உவமை அல்ல. 1982-ம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், மூத்திரப் பையில் வந்த ஒரு புற்றுநோயிலிருந்து எடுத்த 'எச்-ராஸ்' என்ற ஜீனையும், நல்ல அணுவிலுள்ள அதே ஜீனையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டுக்கும் இடையே நோய்க்குக் காரணமான வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து! அதனால் புரதத்தின் 12-வது கண்ணி மாறிப்போயிருந்தது. அணுவை 'வளர்', 'நகர்' என்று விரட்டும் அந்தப் புரதம், அணைக்க முடியாத விளக்கைப் போல் எப்போதும் எரிந்துகொண்டே இருந்தது.

பிடிப் புரதத்திலேயே எழுத்துப் பிழை ஏற்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு.

ஒரு மாவோரிக் குடும்பம்

நியூஜிலாந்து நாட்டின் பழங்குடி மக்களான மாவோரிகளில் ஒரு பெரிய குடும்பம். அதில் தலைமுறை தலைமுறையாகப் பலர் இளம் வயதிலேயே வயிற்றுப் புற்றுநோயால் மடிந்துகொண்டிருந்தார்கள்.

குடும்பத்தாரே முன்வந்து விஞ்ஞானிகளின் உதவியை நாடினார்கள். பாரி கில்போர்டு என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் பரம்பரையாக வந்த குறை, ஈ-கேட்ஹெரின் ஜீனில் இருந்தது!

அந்த நோயில் வயிற்றில் பெரிய கட்டி எழும்புவதில்லை. பிடி இழந்த அணுக்கள், மாலையிலிருந்து உதிர்ந்த மணிகள் போல், ஒவ்வொன்றாக வயிற்றுச் சுவருக்குள் சிதறிப் பரவுகின்றன. அதனால் குழாய் விட்டுப் பார்க்கும் டாக்டர் கண்ணுக்கும் சுலபத்தில் தப்பிவிடுகின்றன.

ஜீனைப் பரிசோதித்து, குறை உள்ளவர்களுக்கு நோய் வருவதற்கு முன்பே வயிற்றை ஆபரேஷன் செய்து எடுத்துவிட முடிந்தது. இரைப்பை இல்லாமலும் மனிதன் வாழலாம். சிதறிய அணுக்களோடு வாழ முடியாது.

நம் நாட்டு வாயில் கண்டது

சரி, இது எங்கோ ஒரு தீவில் நடந்த கதை. சுருக்குப் பைக்காரருக்கு இதில் என்ன இருக்கிறது?

வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்கள் அதைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைப்பது வழக்கம். நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் அதிகமாகக் கிளம்புவது அந்த இடத்தில்தான். இந்திய ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று வாய்ப் புற்றுநோய்.

இந்தக் கன்ன-ஈறு புற்றுநோயில் எந்தெந்த ஜீன்களில் எழுத்துப் பிழை ஏற்படுகிறது என்று பார்க்க, சர்வதேசத் திட்டம் ஒன்றின் கீழ் இந்திய விஞ்ஞானிகள் ஆராய்ச்சி நடத்தினார்கள். மேற்கு வங்கத்தில் கல்யாணி என்ற ஊரிலுள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணு நிலையமும், பம்பாய் டாடா நினைவு மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவும் இதில் ஈடுபட்டன. முதலில் 50 நோயாளிகள், பிறகு சரிபார்ப்பதற்கு 60 நோயாளிகள். முடிவு 2013-ல் வெளியாயிற்று.

திரும்பத் திரும்பப் பழுதாகிக் கிடந்த ஜீன்களின் பட்டியலில் மூன்று பெயர்கள் நம் கதைக்கு முக்கியம்: 'பி-53', 'ஃபேட்-1', ஏற்கெனவே நாம் சந்தித்த 'எச்-ராஸ்'.

ஃபேட்-1 என்பது கேட்ஹெரின் குடும்பத்தைச் சேர்ந்த புரதம். ஈ-கேட்ஹெரினுக்குப் பங்காளி முறை. அது பழுதானால் அணுவின் ஒட்டும் தன்மையும் நகரும் தன்மையும் மாறுகின்றன. பெல்ஜியம் நாட்டில் பிரஸ்ஸல்ஸ் நகர விஞ்ஞானிகள் 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒரு விசித்திரத்தைச் சொல்கிறது. ஃபேட்-1 இல்லாத புற்று அணுக்கள் முழுவதும் பிடி விடுவதில்லை. முழுவதும் பிடித்துக்கொள்வதும் இல்லை. அரைகுறைப் பிடியோடு இருக்கின்றன. எலிகளில் பார்த்தபோது, அப்படி இரண்டும்கெட்டான் நிலையில் இருக்கும் அணுக்களே தூரத்து உறுப்புகளுக்குப் போய்க் குடியேறுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டின.

பி-53 என்பது அணுவின் காவல்காரன். 1979-ல் கண்டறியப்பட்டது. டி.என்.ஏ. கெட்டுப்போனால், 'நில், சரி செய்துகொண்டு போ' என்று அணுவைத் தடுத்து நிறுத்துவதும், சரி செய்ய முடியாவிட்டால் அந்த அணுவைச் சாகடிப்பதும் அதன் வேலை. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் சுமார் பாதியில் இந்தக் காவல்காரன் கெட்டுப்போயிருக்கிறான். கெட்டுப்போனவன் சும்மாவும் இருப்பதில்லை. அணுவின் 'கால்'களுக்குத் துணை போகிறான்! இதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் காட்டினார்கள்.

உயிரணுவுக்குக் கால் ஏது?

கால் என்றதும் சிரிக்க வேண்டாம். உயிரணு நகர்வதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள், அதை வேறு எப்படிச் சொல்வது என்றுதான் கேட்பார்கள்.

ஈரமான பாறையில் அட்டை ஊர்வதைப் பொன்முடிக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அட்டை முன்பக்கத்தை நீட்டி ஒட்டிக்கொள்ளும். பிறகு பின்பக்கத்தை விடுவித்து முன்னால் இழுத்துக்கொள்ளும். உயிரணுவும் கிட்டத்தட்ட அப்படியே போகிறது. உள்ளே இருக்கும் 'ஆக்டின்' என்ற இழைகள் முன்புறத்தைத் தள்ளி நீட்டுகின்றன. நீட்டிய இடத்தில் 'இன்டெக்ரின்' என்ற புரதம் தரையைக் கவ்விக்கொள்கிறது. பிறகு தசையில் இருப்பது போன்ற 'மயோசின்' உடம்பை முன்னே இழுக்கிறது. பின்புறக் கவ்வல் விடுகிறது.

அதாவது, நல்ல அணுவை அடித்தளத்தோடு கட்டிப் போட்டிருக்கும் அதே இன்டெக்ரின், கெட்ட அணுவுக்குக் காலாகிவிடுகிறது. கெட்டுப்போன பி-53, பின்னால் கழன்று உள்ளே வந்த இன்டெக்ரினை மறுபடி மறுபடி மேற்பரப்புக்கே அனுப்பி வைக்கிறது என்பதுதான் கிளாஸ்கோவில் கண்டது.

கால் இருந்தால் மட்டும் போதாது, வழி வேண்டுமே? புற்று அணுக்கள் அதற்கும் அரிவாள் வைத்திருக்கின்றன. அடித்தளச் சவ்வை அரித்து வெட்டும் நொதிகளைச் சுரந்து, காட்டில் பாதை வெட்டுவது போல் வழி செய்துகொள்கின்றன. அணுக்கள் தனித்தனியாகவும் போகும். கையைக் கோத்துக்கொண்டு கும்பலாகவும் போகும். வாய்ப் புற்றுநோயில் பெரும்பாலும் கும்பல் பயணம்தான்.

ஒரு மயிரிழையின் தடிப்பைக் கடக்கவே சாதாரணமாக மணிக்கணக்கு ஆகும். ஆனால் நிணநீர்க் குழாயை எட்டிவிட்டால் நடக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் ஏறிய மாதிரிதான்.

விதையும் மண்ணும்

பஸ் எங்கே நிற்கும்?

1889-ம் ஆண்டு ஸ்டீபன் பாஜெட் என்ற லண்டன் டாக்டர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளைப் புரட்டினார். நோய் கண்ட இடத்திலெல்லாம் பரவவில்லை. சில உறுப்புகளையே தேடிப் போயிருந்தது. விதை எங்கும் விழலாம், ஆனால் தனக்கு ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்ற கருத்தை அவர் வெளியிட்டார். இன்றைய விஞ்ஞானிகளும் அதை ஒப்புக்கொள்கிறார்கள். பொன்முடிச் சரிவில் தழைக்கும் தேயிலையைச் சங்குமுகம் கடற்கரை மணலில் நட்டால் தழைக்குமா?

வாய்ப் புற்றுநோய்க்கு முதல் நிறுத்தம் கழுத்து. அங்குள்ள நிணநீர் முடிச்சுகளில் அணுக்கள் இறங்கிவிடுகின்றன. நாம் 'நெறி கட்டியிருக்கிறது' என்கிறோமே, அந்த முடிச்சுகள்தான். நோய் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

கையால் தடவிப் பார்த்தால் கழுத்தில் ஒன்றும் தட்டுப்படாத காலத்திலேயே அணுக்கள் அங்கே வந்திருக்கக்கூடும். இதைப் பம்பாய் டாடா மருத்துவமனை ஒரு பெரிய ஆராய்ச்சியில் காட்டியது. ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோய் உள்ள 500 பேரின் முடிவுகள் 2015-ல் வெளியாயின. ஒரு பாதியினருக்கு வாயில் ஆபரேஷன் செய்யும்போதே கழுத்து முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். மறு பாதியினருக்கு, கழுத்தில் நோய் தெரிந்த பிறகே எடுப்பது என்று காத்திருந்தார்கள். மூன்று ஆண்டுக்குப் பின், முதல் வகையில் 100-க்கு 80 பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்தவர்களில் 100-க்கு 67 அல்லது 68 பேர்தான்.

பிடி விட்ட அணு நமக்காகக் காத்திருப்பதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பாக்கும் சேர்ந்த குற்றவாளி

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985-லேயே அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், ஏன், பாக்கு மட்டுமேகூட மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் தீர்மானமாகச் சொல்லிவிட்டது.

பாக்கிலுள்ள 'அரிகோலின்' என்ற பொருள், வாயின் உட்தோலுக்கு அடியில் நார்ச்சத்து இறுகிப்போகச் செய்கிறது. கன்னம் விறைக்கிறது. காரம் பட்டால் எரிகிறது. நாளடைவில் வாயைத் திறக்கவே முடியாமல் போகிறது. அணுக்கள் நிற்கும் தரையே மாறிவிடுகிறது. புற்றுநோய்க்கு அது ஒரு முன்னறிவிப்பு.

டார்ச் லைட் செய்த வேலை

இத்தனையும் கேட்ட பிறகு, கை விட்ட அணுவுக்கு மறுபடி கை கொடுக்கும் மருந்து இருக்கிறதா என்று கேட்கத் தோன்றும். பிடிப் புரதத்தைச் சரி செய்து அணுவைப் பழைய இடத்தில் நிறுத்தும் மாத்திரை இன்னும் ஆஸ்பத்திரி அலமாரிக்கு வந்து சேரவில்லை. கிடைக்கும் மருந்துகளும் கதிர் சிகிச்சையும் வேறு வழிகளில் வேலை செய்கின்றன.

ஆனால் அணு புறப்படுவதற்கு முன்பே அதைப் பிடித்துவிட்டால்? அது முடியும் என்பதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியது, வேறு எந்த ஊரும் அல்ல, இதே திருவனந்தபுரம் மாவட்டம்!

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-ல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்தை நம்மில் பலர் 'ஆர்.சி.சி.' என்றே அறிவோம். டாக்டர் எம்.கிருஷ்ணன் நாயர் அதன் முதல் இயக்குநர். கேரளத்தவர் மட்டுமின்றி, குமரி, நெல்லைப் பக்கத்துத் தமிழர்களும் தேடி வரும் இடம்.

பிரான்சிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து, இந்த மையம் 1996-ல் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கியது. டாக்டர் ஆர்.சங்கரநாராயணன் தலைமை ஆராய்ச்சியாளர். மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஏழு பஞ்சாயத்துகளில் 96,517 பேர். அவர்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வாய்ப் பரிசோதனை. ஆறு பஞ்சாயத்துகளில் 95,356 பேர். அவர்களுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும்.

பரிசோதனைக்குப் பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. டாக்டர்கள்கூட வீடு வீடாகப் போகவில்லை. பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள் போனார்கள். வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தார்கள். சந்தேகம் தட்டினால் டாக்டரிடம் போகச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

முடிவு 2005-ல் லண்டன் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. புகையிலை, மது ஆகிய பழக்கம் உள்ளவர்களிடையே, பரிசோதனை நடந்த பஞ்சாயத்துகளில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது! பழக்கம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஆகவே யார் வாயைப் பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிட்டது. உலகம் முழுவதும் இதைச் செய்தால் குறைந்தது 37,000 சாவுகளைத் தடுக்கலாம் என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள்.

இதே அறிக்கையில் மனதை வருத்தும் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சந்தேகத்துக்கு உரியவர்கள் என்று டாக்டரிடம் அனுப்பப்பட்டவர்கள் 5,145 பேர். போனவர்கள் 3,218 பேர். மீதி 1,927 பேர் போகவே இல்லை!

ஏன் போகமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியாததா? ஒரு லயத்து வாசலில் நடக்கக்கூடிய பேச்சை நினைத்துப் பாருங்கள்.

"அண்ணாச்சி, கன்னத்து உள்ளே வெள்ளையா ஒரு திட்டு இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடுங்க."

"வலியே இல்லையேம்மா. வலி இல்லாததுக்கு ஆஸ்பத்திரியா? ஒரு நாள் கூலி போயிடும். அடுத்த மாசம் பார்க்கலாம்."

வலி இல்லை என்பதுதான் ஆபத்தே. ஆரம்பத்தில் வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி வந்து, கழுத்தில் நெறி கட்டி, மலை இறங்கி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது, அணு எத்தனை கொண்டை ஊசி வளைவைக் கடந்திருக்குமோ, யார் கண்டார்கள்?

கண்ணாடி முன்னால் இரண்டு நிமிஷம்

வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி, சிகரெட், மது ஆகிய பழக்கம் உள்ளவர்கள், அல்லது முன்பு இருந்தவர்கள், மாதம் ஒரு முறை இதைச் செய்யலாம். வாயைக் கொப்பளித்துவிட்டு, கண்ணாடியும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரு கன்னங்களின் உட்புறம், ஈறு, நாக்கின் மேல், கீழ், பக்கவாட்டு, அண்ணம், உதட்டின் உட்புறம் என்று வரிசையாகப் பாருங்கள். விரலால் தடவிப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை இவை:

தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு.

வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு. இது வெள்ளையைவிட அதிக ஆபத்தானது.

இரண்டு, மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண்.

காரணம் இல்லாமல் ஆடும் பல், மரத்துப்போகும் உதடு, முன்போல் திறக்க முடியாத வாய்.

கழுத்தில் வலியில்லாத வீக்கம்.

இவற்றில் எதைக் கண்டாலும் புற்றுநோய்தான் என்று பயந்துவிட வேண்டாம். பெரும்பாலான திட்டுகள் புற்றுநோய் அல்ல. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அரசாங்கப் பல் ஆஸ்பத்திரியிலோ காட்டினால், தேவைப்பட்டால் ஒரு சிறு சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பார்கள். "கத்தி பட்டால் புற்று பரவிவிடும்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். பரிசோதனைக்குத் துணுக்கு எடுக்காமல் சிகிச்சையைத் தொடங்கவே முடியாது.

பழக்கத்தை விடுவது எந்த வயதிலும் பலன் தரும். நாற்பது வருஷம் போட்டாயிற்று, இனி விட்டு என்ன என்பது தவறான கணக்கு. போடும் ஒவ்வொரு நாளும் அணுவின் ஏட்டில் புதுப் பிழைகள் விழுகின்றன. விட்டால் அந்தப் பிழைகள் விழுவது நிற்கிறது.

ஆபீசில் கணக்கு எழுதும் நண்பர்களுக்கும், சங்கத்து அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அனுப்பியும் போகாத அந்த 1,927 பேரைப் போன்றவர்கள் நம் பக்கத்து வீட்டிலும் இருக்கிறார்கள். சீட்டு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது, மலையாளம் சரளமாக வராத பாட்டிக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போவது, ஒரு நாள் கூலி போகிறதே என்று தயங்குகிறவருக்கு அந்த ஒரு நாளைக்குக் கை கொடுப்பது, இவை நம்மால் முடிகிற காரியங்கள்.

அடுத்த முறை பொன்முடி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு சுருக்குப் பை அவிழ்வதைக் கண்டால், முகம் சுளிக்காதீர்கள், உபதேசமும் வேண்டாம். "ஐயா, கடைசியாக எப்போது வாயைக் கண்ணாடியில் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். கல்லாறு வருவதற்குள் பேசி முடித்துவிடலாம்.